வேலூர் மொட்டை மாடியில் தைப்பட்ட நாற்று: நிழல்வலைக் குடில் போடுவது முதல் நட்டு முடிப்பது வரை

வேலூரில் வீட்டிலேயே காய்கறி நாற்று விட நினைப்பவர்கள் முதலில் கத்திரி வெயிலிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். அக்னி நட்சத்திரம் மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்குகிறது. அதற்கு ஒரு மாதம் முன்பே, பங்குனிக் கடைசியில், பகல் 35 டிகிரியைத் தாண்டிவிடும், இரவும் சரியாகக் குளிராது. அந்தச் சூட்டில் தக்காளி பூக்கும், ஆனால் பிஞ்சு நிற்காது, பூவெல்லாம் உதிர்ந்துவிடும். ஆகவே பூ மாசியில் வந்தாக வேண்டும். அப்படியென்றால் தை முடிவதற்குள் நட்டிருக்க வேண்டும், விதை மார்கழியிலேயே குழித்தட்டில் விழுந்திருக்க வேண்டும்.

இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது. முதல் வருடம் மாசிக் கடைசியில் தொடங்கினேன். குளிர்நாட்டுக்காரர்கள் வீடியோவில் காட்டியதைப் பார்த்து, பிளாஸ்டிக் தாளால் மூடிய பசுமைக்குடில் போட்டேன். பதினைந்தாம் நாள் மத்தியானம் உள்ளே வெப்பமானி 47 காட்டியது. மறுநாள் காலையில் தட்டில் ஒரு நாற்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. இரண்டாம் வருடம் நாள் சரியாக இருந்தது, தண்ணீர் கெடுத்தது. மூன்றாம் வருடம்தான் பங்குனியில் சொந்தத் தக்காளியில் ரசம் வைத்தேன். நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்பதால், செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

1. முதலில் நாட்களைக் குறியுங்கள்

காலண்டரை எடுத்து இந்த நாட்களை வட்டமிடுங்கள்.

கார்த்திகை (நவம்பர் பாதியிலிருந்து): தோட்டக்கலைத் துறைத் தளைக்கு (மாடித்தோட்டப் பொருட்கள் அடங்கிய தொகுப்பு) விண்ணப்பம், வீட்டுக்காரரிடம் அனுமதி, தண்ணீர் சோதனை.

டிசம்பர் 10 முதல் 20 வரை: குடில் கட்டுவது, கோகோபீட் (தென்னைநார்க் கழிவுத் தூள்) கழுவுவது.

டிசம்பர் 20 முதல் 25 வரை: மிளகாய், கத்தரி விதைப்பு. இவை மெதுவாக வளரும். கத்தரி நாற்று 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 35 முதல் 40 நாளிலும் தயாராகும்.

ஜனவரி 1 முதல் 5 வரை: தக்காளி விதைப்பு. இதன் நாற்று 25 நாளில் தயாராகும். மூன்றையும் ஒரே நாளில் போட்டால் மிளகாய் தயாராவதற்குள் தக்காளி நாற்று முற்றிப்போகும்.

ஜனவரி 25 முதல் பிப்ரவரி முதல் வாரம் வரை: நடவு.

வெண்டை, பாகல், சுரை, புடலை, பீர்க்கன், கொத்தவரை எல்லாம் இந்தக் கணக்கில் வராது. அவற்றுக்கு நாற்று தேவையில்லை, தை மாதத்தில் நேராகப் பையிலேயே ஊன்றிவிடுங்கள். முள்ளங்கி, கேரட்டும் அப்படித்தான். வேர்க்காய்களைப் பிடுங்கி நட்டால் வேர் கோணிப்போகும். முட்டைக்கோசு, காலிஃபிளவர் இந்தப் பட்டத்துக்கு வேண்டாம். அவை குளிர் தொடங்கும்போது போட வேண்டியவை.

2. மாடியைப் பாருங்கள், வீட்டுக்காரரிடம் பேசுங்கள்

வாடகை வீடு என்றால் வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள். எவ்வளவு இடம், எத்தனை பை, மாடியில் துளை போட மாட்டேன், காலி செய்யும்போது எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்காரர் அண்ணன் நல்லவர், முதலில் வாயாலேயே சரி என்றுவிட்டார். அடுத்த மழைக்குக் கூரை ஒழுகியபோது, அது என் பைகளால் வந்ததா, பழைய விரிசலால் வந்ததா என்று இருவருக்கும் தெரியவில்லை. விதைக்கும் முன்பே தளத்தைப் போட்டோ எடுத்து வைத்திருந்தால் அந்த மனக்கசப்பு வந்திருக்காது. நீங்கள் எடுத்து வையுங்கள்.

எடையைக் கணக்குப் போடுவது அவசியம். 12-க்கு 12 அங்குலப் பை மண்ணோடு நனைந்தால் 20 கிலோவுக்கு மேல் வரும். 15-க்கு 15 அங்குலப் பை அதுபோல இரண்டு மடங்கு. பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், சுவர் ஓரமாகவும் கீழே உத்தரம் போகும் கோட்டின் மேலும் வையுங்கள். ஒவ்வொரு பையின் அடியிலும் இரண்டு செங்கல் வைத்தால் தண்ணீர் தேங்காது, தளமும் காயும். பழைய வீடு, மரக்கட்டையின் மேல் செங்கல் பாவிய மெட்ராஸ் டெரஸ் என்றால் பொறியாளர் ஒருவரிடம் காட்டாமல் எதையும் ஏற்றாதீர்கள்.

3. அரசுத் தளை: யாருக்கு, எங்கே, என்னென்ன ஆவணம்

தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தளை என்று ஒன்றை மானிய விலையில் கொடுத்துவருகிறது. 2021-22-இல் 900 ரூபாய் மதிப்புள்ள தளை, மானியம் போக 225 ரூபாய். ஆறு வளர்ப்புப் பைகள், 2 கிலோ தென்னைநார்க் கட்டிகள் ஆறு, ஆறு வகை விதை, உயிர் உரங்கள், டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சையைத் தடுக்கும் நல்ல பூஞ்சை), வேப்ப மருந்து, ஒரு கையேடு எல்லாம் அதில் இருந்தன. ஒருவருக்கு இரண்டு தளை வரை. 12 வகை விதைகள் கொண்ட பை அப்போது 15 ரூபாய். விலையும் பொருளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பணம் கட்டும் முன் துறையின் இணையதளத்திலோ வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலோ அந்த வருடத்து நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆதார் அட்டை நகல், கைபேசி எண், பாஸ்போர்ட் அளவு போட்டோ, இருக்கும் வீட்டின் முகவரிக்கு ஒரு சான்று எடுத்துப் போங்கள். ஆதாரில் பழைய முகவரி இருந்தால் அதை முன்கூட்டியே மாற்றிவிடுங்கள்.

நம் பக்கத்தில் இதில் ஒரு குழப்பம் உண்டு. 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், சோளிங்கர் ஆட்கள் ராணிப்பேட்டை மாவட்டம். ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் ஆட்கள் திருப்பத்தூர் மாவட்டம். காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு, பேரணாம்பட்டு வேலூரிலேயே இருக்கின்றன. பழைய ஆதாரில் வேலூர் மாவட்டம் என்று இருப்பதைப் பார்த்து இணையத்தில் வேலூரையே தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு தளை வராமல் அலைந்த ஆற்காட்டு உறவினர் எனக்கு இருக்கிறார். இப்போது எந்த மாவட்டமோ அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொன்று. நிழல்வலைக் குடிலுக்கு 50 சதவீத மானியம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மைதான், ஆனால் அது நிலம் வைத்து விவசாயம் செய்பவர்களுக்கு. சிட்டா, அடங்கல், புலப்படம், ஆதார், வங்கிப் புத்தக நகல் எல்லாம் கேட்பார்கள். மொட்டை மாடிக்கு அது கிடையாது. நிலம் உள்ளவர்களும் அனுமதி உத்தரவு கைக்கு வரும் முன் கட்டத் தொடங்காதீர்கள், கட்டிய பிறகு கேட்டால் மானியம் கிடைக்காது.

தளை வரத் தாமதமாகலாம். விண்ணப்பித்துவிட்டு அதையே நம்பிக் காத்திருந்தால் பட்டம் போய்விடும். நாற்றுக்கு வேண்டிய அளவு கோகோபீட்டும் விதையும் கடையில் வாங்கித் தொடங்கிவிடுங்கள். தளை எப்போது வந்தாலும் பைகள் நடவுக்கு உதவும்.

4. குடில்: நம் ஊருக்கு வேண்டியது நிழல்

பிளாஸ்டிக் தாள் போட்ட குடில் சூட்டைப் பிடித்து வைக்கும். குளிர்நாட்டில் அதற்காகத்தான் போடுகிறார்கள். இங்கே மார்கழி விடியலில்கூடப் பெரும்பாலும் 17, 18 டிகிரிக்கு வெகுவாகக் கீழே போவதில்லை. தக்காளிக்கு அது போதும். நமக்கு வேண்டியது மத்தியான வெயிலைக் குறைத்து, காற்றை உள்ளே விட்டு, வெள்ளை ஈயை வெளியே நிறுத்தும் குடில். மேலே நிழல்வலை, பக்கங்களில் நுண்ணிய பூச்சிவலை, அவ்வளவுதான்.

வலையில், அது எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்பதைப் பொறுத்து, 35, 50, 75 என்று சதவீதம் உண்டு. நாற்றுக்கு 50 வாங்குங்கள். எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு நல்லது என்று கடையில் 75-ஐத் தள்ளப் பார்ப்பார்கள். அதன் கீழே நாற்று வெளிச்சம் தேடி நூலாக நீண்டு சாயும்.

அளவு 8 அடிக்கு 9 அடி, உயரம் 7 அடி. ஏன் 10 அடி இல்லை என்றால், சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் வலையின் அகலம் 3 மீட்டர், அதாவது 9 அடி 10 அங்குலம். நான் 10 அடிக்குச் சட்டம் அடித்துவிட்டு, வலை எட்டாமல் நடுவில் ஒட்டுப் போட்டுத் தைத்தேன். முதல் காற்றில் தையல் பிரிந்தது. 9 அடிக்கு அடித்தால் இரு ஓரத்திலும் மடித்துக் கட்ட இடம் இருக்கும். கூரைக்கு 8 அடி, மேற்குப் பக்கம் தொங்கவிட 7 அடி, மடிக்க ஓரிரு அடி, மொத்தம் ஐந்தரை மீட்டர் வலை போதும். மேற்கு வெயில்தான் நாற்றைச் சுடுவது, அந்தப் பக்கம் வலை இல்லாமல் விடாதீர்கள்.

கால்களுக்கு நான்கு 20 லிட்டர் பெயிண்ட் டப்பா. நடுவில் குழாயை நிறுத்திக் கான்கிரீட் ஊற்றிவிட்டால் ஒவ்வொன்றும் 40 கிலோவுக்கு மேல் நிற்கும், மாடியில் ஒரு துளைகூடப் போட வேண்டாம். டப்பாக்களை அவை நிற்க வேண்டிய மூலையிலேயே வைத்து ஊற்றுங்கள். ஊற்றிவிட்டு நகர்த்துவது இரண்டு பேர் வேலை. கால்களும் மேல்சட்டமும் சேர்த்து 62 அடி வரும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் 20 அடி நீளத்தில் வருகிறது, நான்கு வாங்க வேண்டும். கையில் பணம் குறைவு என்றால் சவுக்குக் கழி போதும். என்னுடையது சவுக்குதான், இரண்டு வருடம் தாங்கியது.

நான் செலவழித்தது இது: வலை 500 ரூபாய், பூச்சிவலை 900, சவுக்குக் கழி 1,200, சிமெண்ட், ஜல்லி, டப்பா 600, கட்டுக்கம்பி, நைலான் கயிறு, வளையம் 300. ஆக 3,500. ஜி.ஐ. குழாயென்றால் மேலும் மூவாயிரமோ நாலாயிரமோ ஆகும். கூலிக்கு ஆள் வைக்கவில்லை, நானும் என் தம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்தோம்.

கூரை வலையை இறுக்கி நிரந்தரமாகக் கட்டிவிடாதீர்கள். திரைச்சீலை வளையங்களைக் கோத்துக் கம்பியில் மாட்டினால் காலையில் ஒதுக்கி மத்தியானம் இழுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு வசதிதான் என் மூன்றாம் வருட நாற்றைத் திடமாக்கியது என்று நினைக்கிறேன்.

தட்டுகளைத் தரையில் வைக்க வேண்டாம். தளத்தின் சூடு கீழிருந்து ஏறும், எலியும் வரும். இரண்டடி உயரப் பலகையோ பழைய பெஞ்சோ போடுங்கள்.

5. தண்ணீரைச் சோதித்துவிட்டு ஊற்றுங்கள்

என் இரண்டாம் வருட நாற்று செத்தது இதனால்தான், அதனால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். இலை நுனி கருகியது. நான் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினேன். இன்னும் கருகியது. கடைசியில் பக்கத்து வீட்டில் குடிநீர் எந்திரத்துக்கு வைத்திருந்த டி.டி.எஸ். மீட்டரை (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி) வாங்கி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் வைத்தால் 1,400 காட்டியது. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் 320.

நம் பக்கத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் உப்பு அதிகம். தோல் தொழிற்சாலைகள் சூழ்ந்த ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் கேட்கவே வேண்டாம். வளர்ந்த கத்தரிச் செடி கொஞ்சம் உப்பைத் தாங்கும், ஒரு விரல் நாற்று தாங்காது. மீட்டர் சில நூறு ரூபாய்தான். 500-க்குள் என்றால் தயங்காமல் ஊற்றுங்கள். 500 முதல் 1,000 வரை என்றால் குழாய்த் தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். 1,000-க்கு மேல் என்றால் நாற்றுக்குத் தொடவே வேண்டாம்.

ஆர்.ஓ. எந்திரத்தின் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுபவர்கள் உண்டு. உப்பைப் பிரித்து ஒதுக்கிய தண்ணீர்தான் அது. நாற்றுக்கு ஊற்றாதீர்கள்.

ஒரு தட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்கூடத் தேவைப்படாது. கார்த்திகை மழையில் இரண்டு டிரம் பிடித்து, கொசு வராமல் துணி கட்டி மூடி வைத்தால் நாற்றுக்காலம் முழுவதும் அதிலேயே ஓட்டிவிடலாம்.

6. கோகோபீட்டைக் கழுவாமல் பயன்படுத்தாதீர்கள்

தென்னைநார்க் கழிவிலும் உப்பு இருக்கும். 5 கிலோ கட்டி நான் வாங்கியபோது 180 ரூபாய். பெரிய டிரம்மில் 25 லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றி ஊற வைத்தால் 60 லிட்டருக்கு மேல் உப்பி வரும். சாக்கில் போட்டுப் பிழிந்து, மறுபடி ஊற வைத்து, மறுபடி பிழிந்து, இப்படி மூன்று முறை. முதல் தண்ணீர் டீ டிகாக்‌ஷன் மாதிரி வரும், மூன்றாவது வெளிர்ந்து வரும். அந்தத் தண்ணீரிலும் மீட்டரை வையுங்கள். நீங்கள் ஊற்றிய தண்ணீரை விட அதிக வித்தியாசம் காட்டினால் இன்னொரு முறை கழுவுங்கள். அவசரத்தில் ஒரே முறை கழுவி நிறுத்தியவர்கள்தான் விதை முளைக்கவில்லை என்று விதைக்காரரைத் திட்டுகிறார்கள்.

கழுவியதில் மூன்று பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு, கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி டிரைக்கோடெர்மா. கலந்து ஈரச் சாக்கால் மூடி ஒரு வாரம் நிழலில் வையுங்கள். கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது.

7. விதை வாங்கும்போது பார்க்க வேண்டியது

லாங்கு பஜார் பக்கத்து விதைக் கடைகளில் எல்லாம் கிடைக்கும். பாக்கெட்டின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தைப் படியுங்கள். சோதித்த தேதி, குவியல் எண், முளைப்புத் திறன், காலாவதி. தக்காளிக்கும் கத்தரிக்கும் குறைந்தபட்ச முளைப்பு 70 சதவீதம், மிளகாய்க்கு 60, வெண்டைக்கு 65. சோதித்த நாளிலிருந்து 9 மாதம் வரைதான் கணக்கு. சான்று பெற்ற விதைக்கு நீல அட்டை, உண்மைநிலை விதைக்கு (சான்று இல்லாமல், விற்பவரே தரத்துக்குப் பொறுப்பேற்கும் விதை) பச்சை அட்டை. 40 ரூபாய்ப் பாக்கெட்டானாலும் பில் வாங்குங்கள், குவியல் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். முளைக்காமல் போனால் அந்தச் சீட்டு இல்லாமல் கடையில் நின்று பேச முடியாது. நான் ஒருமுறை இணையத்தில் வாங்கிய மிளகாய் விதை 30-க்கு 4 தான் முளைத்தது. பாக்கெட்டில் தேதியே இல்லை, கேட்க ஆளும் இல்லை.

தக்காளியில் பெரியகுளம் 1 நம் வெயிலுக்குப் பழகிய ரகம், அடுத்த பட்டத்துக்கு விதையும் எடுத்து வைக்கலாம். இலைச்சுருட்டு நோய் உங்கள் தெருவில் அதிகம் என்றால் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்‌ஷக் போடுங்கள். அது இலைச்சுருட்டு, வாடல், கருகல் மூன்றையும் தாங்கும் வீரிய ஒட்டு. ஆனால் அதன் விதையை எடுத்து வைத்துப் பயனில்லை, அடுத்த தலைமுறை ஒரே மாதிரி வராது. வெண்டைக்கு மஞ்சள் நரம்பு நோய் தாங்கும் அர்க்கா அனாமிகா.

கத்தரியில் எனக்கு வேறு ரகம் பேசத் தோன்றவில்லை. அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள் கத்தரிதான். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த நம் ஊர்க் காய் அது. காம்பிலும் இலையிலும் முள் இருக்கும், பறிக்கும்போது கை குத்தும். எண்ணெய்க் கத்தரிக்காய் செய்து ஒருமுறை பிரியாணியோடு சாப்பிட்டவர்கள் முள்ளைப் பொருட்படுத்த மாட்டார்கள். இதன் விதை பெரும்பாலும் விவசாயிகள் கையிலேயே இருக்கிறது. அந்தப் பக்கம் சொந்தமோ தெரிந்தவர்களோ இருந்தால் புரட்டாசியிலேயே சொல்லி வையுங்கள். விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்திலும் நல்ல விதைக்கு வழி கேட்கலாம்.

எவ்வளவு விதை? ஐந்து பேர் உள்ள வீட்டுக்குத் தக்காளி 10 செடி, மிளகாய் 8, கத்தரி 6 தாராளம். சேதத்துக்கும் சேர்த்து இரண்டு மடங்கு விதையுங்கள், போதும். இளஞ்சிவப்பாக மருந்து பூசிய விதையைக் குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நீங்களும் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

8. விதைப்பு

98 குழித் தட்டு ஒன்று நான் வாங்கியபோது 25 ரூபாய். மூன்று காய்க்கும் ஒரே தட்டை வெட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றாகவே விட்டால், தக்காளி முளைத்து வெளிச்சம் கேட்கும்போது மிளகாய் இன்னும் மூடாக்குக்குள் இருக்க வேண்டிய சிக்கல் வரும்.

பூசாத விதையானால் ஒரு சொட்டு ஆறிய கஞ்சித் தண்ணீரில் ஒரு சிட்டிகை டிரைக்கோடெர்மா குழைத்து விதையைப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்துங்கள். குழியைத் தளரத் தளர நிரப்பி, விரல் நுனியால் அரை சென்டிமீட்டர் பள்ளம் போட்டு, குழிக்கு ஒரு விதை. மேலே மெல்லக் கோகோபீட் தூவி, பூவாளியால் நனைத்து, தட்டைப் பிளாஸ்டிக் தாளால் மூடி வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக் தாளுக்கு நம் ஊரில் முளைக்கும் வரையிலான இந்தச் சில நாள்தான் வேலை.

பெயர் எழுதும் குச்சியில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை வெயிலில் பத்து நாளில் மறைந்துவிடும்.

தக்காளி 5 முதல் 7 நாளில் முளைக்கும், கத்தரி ஒரு வாரம், மிளகாய் 8 முதல் 12 நாள். மார்கழிக் குளிரில் மிளகாய் இன்னும் இழுக்கும், சமையலறையில் அடுப்புக்குத் தள்ளி வெதுவெதுப்பான மூலையில் வையுங்கள். தினம் காலையும் மாலையும் தாளைத் தூக்கிப் பாருங்கள். பத்தில் மூன்று முளை தலை நீட்டியதும் அன்றே தாளை எடுத்துவிட்டு வலைக்குடிலுக்கு ஏற்றிவிட வேண்டும். ஒரே ஒரு நாள் தவறினாலும் தண்டு வெளுத்து நீளும், பிறகு அதை மீட்க முடியாது.

9. முதல் பதினைந்து நாள்

நாற்றழுகல் வருவது இப்போதுதான். நேற்று நன்றாக நின்ற நாற்று இன்று தரையோடு தண்டு மெலிந்து சாய்ந்திருக்கும். காரணம் மண்ணில் வாழும் பூஞ்சை. அதற்கு இடம் கொடுப்பது நாம் ஊற்றும் அதிகத் தண்ணீர். அணைக்கட்டுப் பக்கமிருந்து நாற்றுக் கட்டுகளோடு எங்கள் தெருவுக்கு வரும் ஆயா ஒருவர் என் தட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாத்துக்கு ஈரம்தாம்மா வேணும், தண்ணி வேணாம்." அன்றிலிருந்து தட்டைக் கையால் தூக்கிப் பார்த்து, எடை குறைந்திருந்தால் மட்டும் ஊற்றுகிறேன்.

காலை எட்டு மணிக்குள் ஊற்றுங்கள். சாயங்காலம் ஊற்றினால், மார்கழிப் பனியும் சேர்ந்து இரவெல்லாம் தண்டு நனைந்தே இருக்கும். ஒரு மூலையில் நான்கு நாற்று சாய்ந்துவிட்டால் அவற்றைக் குழியோடு எடுத்து எறிந்துவிட்டு, ஒரு நாள் தண்ணீரை நிறுத்தி, பிறகு லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பாக்டீரியா) கலந்து மீதிக்கு ஊற்றுங்கள்.

வலையைக் காலை பத்து வரை ஒதுக்கி வைத்து இளவெயில் காட்டுங்கள். பத்திலிருந்து மூன்றரை வரை மூடுங்கள், பிறகு மீண்டும் திறங்கள்.

பூச்சிவலையில் கதவுப் பக்கம் இடுக்கு இல்லாமல் பாருங்கள். வெள்ளை ஈதான் தக்காளிக்கு இலைச்சுருட்டு நோயைக் கொண்டுவருகிறது. நாற்றிலேயே தொற்றிவிட்டால் செடி வளர்ந்து காய்க்கவே காய்க்காது. மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்றைத் தட்டுக்கு ஓர் அடி மேலே தொங்கவிடுங்கள். வாரம் ஒருமுறை லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

விதைத்த 18-ஆம் நாள் வாக்கில் ஒரு முறை ஊட்டம். 19:19:19 உரம் லிட்டருக்கு 5 கிராம், அல்லது பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி. ஒன்று போதும், இரண்டும் வேண்டாம்.

10. வெயிலுக்குப் பழக்கி நடுவது

நடவுக்கு ஏழு நாள் முன்பிருந்து வலை மூடும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முதல் நாள் 11 மணி வரை வெயில், மறுநாள் 12 வரை, அப்படியே. தண்ணீரையும் குறையுங்கள், மத்தியானம் இலை லேசாகத் துவண்டு சாயங்காலம் நிமிர்ந்தால் சரியான அளவு. இதைச் செய்யாமல் குடிலிலிருந்து நேராக வெயிலில் நட்டால் இலை வெளுத்துக் காய்ந்துவிடும்.

பைகளை நடவுக்குப் பத்து நாள் முன்பே நிரப்பி நனைத்து வைக்க வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, கழுவிய கோகோபீட் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. பச்சைச் சாணம் போடாதீர்கள், வேர் வெந்துபோகும்.

நான்கைந்து இலை, பென்சிலை விடச் சற்று மெல்லிய தண்டு, குழியிலிருந்து இழுத்தால் வேர் வலைபோலப் பின்னி உருண்டையாகவே வரும் பருவம், அதுதான் நடவுப் பருவம். மாலை நான்கு மணிக்குப் பிறகு நடுங்கள். தக்காளியை முதல் இலை வரை ஆழமாகப் புதைக்கலாம், தண்டிலிருந்தும் வேர் விடும். கத்தரியையும் மிளகாயையும் தட்டில் இருந்த மட்டத்திலேயே நடுங்கள். பைக்கு ஒரு செடிதான். நட்ட அன்றே தக்காளிக்குக் குச்சி ஊன்றுங்கள், பிறகு ஊன்றினால் வேரைக் குத்தும்.

11. பங்குனி முதல் மீண்டும் வலை

நட்ட செடிக்கு மாசி வரை முழு வெயில் வேண்டும். நடவு முடிந்ததும் கூரை வலையைக் கழற்றிவிடுங்கள். பங்குனி இரண்டாம் வாரத்திலிருந்து அதே வலையைப் பைகளின் மேல் மத்தியான நேரத்துக்கு இழுத்துக் கட்டுங்கள். மண் மேல் இரண்டு அங்குலம் காய்ந்த இலையோ கரும்புச் சக்கையோ பரப்புங்கள். தண்ணீரைக் காலையும் மாலையும் பிரித்து ஊற்றுங்கள். தக்காளியில் பங்குனிக் கடைசிக்குப் பிறகு புதுப் பிஞ்சை எதிர்பார்க்காதீர்கள், இருக்கும் காயைப் பறிப்பதோடு சரி. கத்தரியும் வெண்டையும் வெயிலைத் தாங்கிக் காய்க்கும்.

சித்திரையில் சாயங்காலம் திடீரென்று புழுதிக்காற்றோடு மழை வரும். வானம் கறுத்ததும் வலையின் மேற்குப் பக்கக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிவிடுங்கள். வலை பாய்மரம்போலக் காற்றைப் பிடித்து, நாற்பது கிலோ டப்பாவையும் சாய்த்துவிடும். அவிழ்க்கச் சுலபமான முடிச்சாகப் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டி வையுங்கள்.

நாற்று எடுத்துக் காலியான தட்டுகளை ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கரண்டி பிளீச்சிங் பவுடர் கரைத்து அரை மணி நேரம் ஊற வைத்துக் கழுவி, நிழலில் காயவைத்து வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். மாடியில் விட்டால் வெயிலில் பொடிந்துவிடும். எடுத்து வைத்தால் ஆடிப்பட்டத்துக்கும் அதே தட்டு ஆகும்.